கேட்பாரற்ற கூலியா, கேட்க விடாத கூலியா?

தோழர்களே! ஆலையிலும் கடையிலும் உழைத்துவிட்டு, கணக்கு முடிக்காமலே ஊர் திரும்பியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். தாய்க்குச் சுகமில்லை என்று சேதி வரும், அன்றிரவே ரயிலேறுவோம். திரும்பி வந்தால் வேலை இருக்காது. பாக்கிக் கூலி முதலாளியின் பேரேட்டிலேயே தங்கிவிடும். அந்தப் பணம் எங்கே போகிறது?

மகாராஷ்டிரத்தில் 1953-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நல நிதிச் சட்டம் பதில் சொல்கிறது. கூலியோ கிராஜுவிட்டியோ, மூன்று ஆண்டு கொடுபடாமல் கிடந்தால் அது ‘கைவிடப்பட்ட சொத்து’. முதலாளி அதைத் தொழிலாளர் நல வாரியத்தில் கட்டிவிட வேண்டும். கட்டியதும் அவர் பொறுப்பு தீர்ந்தது. கைவிட்டது யார்? பசித்த வயிறு தன் கூலியைக் கைவிடுமா?

முதலில் இருந்த சட்டத்தில், தொழிலாளிக்கு அறிவித்து அவன் பாத்தியதையை விசாரிக்க முறையான வழியே இல்லை. ஒரு மில் கம்பெனி தொடுத்த வழக்கில் 1957-ல் சுப்ரீம் கோர்ட் அந்தப் பகுதி செல்லாது என்றது. பிறகுதான் திருத்தம் வந்தது. இப்போது வாரியம் வேலை செய்த இடத்தில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். அந்த வட்டாரத்தில் புரியும் மொழியில் இரண்டு பத்திரிகைகளில் போட வேண்டும். மூன்று ஆண்டுவரை ஆண்டுக்கு இருமுறை இதைச் செய்ய வேண்டும். நான்கு ஆண்டுக்குள் யாரும் கேட்காவிட்டால் பணம் அரசுக்குப் பாத்தியமாகி, நல நிதியில் கலந்துவிடும்.

எழுத்தில் குறையில்லை. நோட்டீஸ் ஒட்டும் சுவர் எங்கே? 1982 ஜனவரி 18-ல் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பின் ஒவ்வொன்றாக மூடிய ஆலைகள் நின்ற பரேலில், இன்று வானளாவிய மாடிகளும் கண்ணாடிக் கடைகளும் நிற்கின்றன. சுவர் இருந்தாலும், அங்கே ஒட்டிய மராத்திக் காகிதத்தை நெல்லைச் சீமையில் இருக்கும் விதவைக்கு யார் படித்துச் சொல்வது? ரயிலில் தவறவிட்ட தகரப் பெட்டிக்குக்கூட எந்த வண்டி, எந்த ஸ்டேஷன் என்று ரிஜிஸ்தர் உண்டு, ஐயா!

அந்த நிதியில் நடக்கும் தையல் வகுப்பும் படிப்பகமும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உடையவனைத் தேடிவிட்டு அல்லவா தர்மம் செய்ய வேண்டும்!

பாங்கு வைப்பைப் பாருங்கள். பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடந்தால், 2014 முதல் அது ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகிறது. போனாலும், உடையவரோ வாரிசோ பிறகு வந்து கேட்டால் பாங்கு கொடுத்தாக வேண்டும். பல பாங்குகளின் கணக்கை ஒரே இடத்தில் பெயர் போட்டுத் தேட 2023-ல் ‘உத்கம்’ இணையதளமும் வந்தது. பாங்கில் போட்டவனுக்குள்ள நியாயம் வியர்வை சிந்தியவனுக்கு நான்கே ஆண்டில் முடிவதேன்?

காலக்கெடுவை எடுக்க வேண்டும். தொழிலாளியின் பெயர், தகப்பன் பெயர், சொந்த மாவட்டம் அடங்கிய பட்டியலை எவரும் தேடும்படி வெளியிட்டு, அவரவர் மாநிலத் தொழிலாளர் துறைக்கும் பிரதி அனுப்ப வேண்டும். சிறு தொகைக்கு வாரிசுச் சான்றிதழுக்காகக் கோர்ட்டுக்கு அலையவிடக் கூடாது. தமிழ்நாட்டு அரசுக்கும் இதையே சொல்கிறோம்: அங்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, திருப்பூரில் உழைத்துப் பீகார் திரும்புகிறவனும் நம்மவனே.

பழைய சம்பளச் சீட்டு, மில் பாஸ், டிக்கெட் நம்பர் எது கிடைத்தாலும் எறியாதீர்கள். எந்த ஆலை, எந்த ஆண்டு, யார் பெயர் என்று எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். வாரியத்துக்கு மனுவைச் சேர்த்தே கொடுப்போம்.