பக்கவிளைவு எவர் பக்கம்?

புரதம் உணவு, அமினோவமிலங்கள் புரதத்தின் கூறுகள், ஆகவே அமினோவமிலமும் உணவே, உணவினால் தீங்கு நேர்வது எங்ஙனம்? அமினோவமிலக் குளிசைகளையும் தூள்களையும் விற்போர் இவ்வாறு தருக்கம் புரிகின்றனர். விற்போர் அவ்வாறு புரிவதில் வியப்பில்லை. விஞ்ஞானம் பயிலும் மாணவரும் விடுதி அறையில் தூள் அடைத்த பேணியை முன்னே வைத்துக்கொண்டு இதனையே ஒப்புவிக்கக் கேட்கும்போதுதான் வருத்தம் உண்டாகின்றது. இத்தருக்கத்தின் முதலிரு அடிகளும் உண்மை; மூன்றாவது பொய். அப்பொய்யின் விலையை ஐக்கிய அமெரிக்காவில் 1989 ஆம் ஆண்டில் மக்கள் தம் உயிராற் செலுத்தினர். அவ்வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்படாமையால் அதனைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும்.

திரிப்தோபன் என்பது நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத, உணவின் வழியே பெறவேண்டிய அமினோவமிலங்களுள் ஒன்று. மூளையில் செரோற்றோனின் எனும் பொருள் இதிலிருந்தே உருவாகின்றது. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழக் கால் கிராம் போதும். சோறும் பருப்பும் மீனும் உண்பவர் அதனைத் தம்மை அறியாமலே பெற்றுவிடுகின்றார். 1980களில் அமெரிக்கரோ உறக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் மாதவிடாய்க்கு முந்திய தொல்லைகளுக்கும் 'இயற்கை' நிவாரணம் என்று எண்ணி, நாளொன்றுக்கு 1 கிராமும் அதற்கு மேலுமாக இதனைக் குளிசை வடிவில் விழுங்கிவந்தனர். பசிக்காக அன்றி உறக்கத்துக்காக விழுங்கப்படும் ஒன்றை உணவென்று அழைப்பது சட்டத்துக்குப் பொருந்தலாம், அறிவுக்குப் பொருந்தாது.

1989 ஒக்டோபரில் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் மூன்று பெண்கள் தாங்கவொண்ணாத் தசைநோவுடன் மருத்துவரை நாடினர். அவர்தம் குருதியில் இயோசினோபில் எனும் வெண்குருதிக் கலங்கள் வழமைக்கு மாறாகப் பெருகியிருந்தன. மருத்துவர்கள் தம்முள் ஒப்பிட்டு நோக்கியபோது மூவருக்கும் பொதுவாய் இருந்தது திரிப்தோபன் குளிசையே எனக் கண்டனர். அல்புகேர்க்கி நகரின் நாளிதழில் தமர் ஸ்டீபர் எனும் செய்தியாளர் நவம்பரில் இதனை வெளிப்படுத்தினார். அடுத்த ஆண்டு அவருக்குப் புலிற்சர் பரிசு கிடைத்தது. அந்நவம்பரிலேயே அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் குளிசைகளைச் சந்தையிலிருந்து மீளப்பெறுமாறு கோரியது. எனினும் நாடெங்கும் 1,500க்கு மேற்பட்ட நோயாளர் பதிவாயினர். 37 பேராவது மாண்டனர். தோல் தடித்து இறுகியது, நரம்புகள் செயலிழந்தன, மூச்சு முட்டியது. குளிசையை நிறுத்திய பின்னரும் பல்லாண்டுகள் நோவோடு வாழ்ந்தோர் பலர். இத்தகையனவற்றையும் நாம் 'பக்கவிளைவு' என்றே அழைத்துப் பழகிவிட்டோம். விற்றவர் பக்கம் நின்று பார்க்குங்கால் மட்டுமே அது பக்கத்தில் தோன்றும். உண்டவருக்கு அதுவே நடுவிளைவு.

காரணம் யாது? நோயாளர் உண்ட திரிப்தோபன் ஏறத்தாழ முழுவதும் யப்பானின் ஷோவா டென்கோ நிறுவனத்திலிருந்து வந்தது. பற்றீரியாவை வளர்த்து நொதிக்கச்செய்து அது அமினோவமிலத்தைப் பெற்றுவந்தது. 1988 டிசெம்பரில், விளைச்சலைப் பெருக்கும் பொருட்டு மரபணு மாற்றப்பட்ட புதியதொரு பற்றீரிய வகையை அந்நிறுவனம் பயன்படுத்தத் தொடங்கியது. அதனையடுத்துச் சுத்திகரிப்புக்கு இடும் கரித்தூளின் அளவும் பாதியாகக் குறைக்கப்பட்டது. இவ்வாறு ஆக்கப்பட்ட சரக்கிற் சில மாசுகள் கண்டறியப்பட்டன. அவற்றுள் எது குற்றவாளி என்பது இன்றுவரை ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. இரசாயனவியல் மாணவர் ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும்: அச்சரக்கு 99 வீதத்துக்கு மேல் தூய்மையானது. (1965 இல் நீகாற்றாவின் அகானோ ஆற்றங்கரையில் வெளிப்பட்ட மினமாற்றா நோய்க்கு அதே நிறுவனத்தின் தொழிற்சாலை ஆற்றில் விட்ட இரசமே காரணமென 1971 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.)

இந்நிகழ்வுக்கு இருதரப்பார் இருவகை விளக்கம் கூறிவருகின்றனர். மரபுப் பொறியியலே கொன்றது என்பர் ஒரு சாரார். அதே வேளையில் சுத்திகரிப்பும் தளர்த்தப்பட்டமையால், குற்றத்தைப் பற்றீரியாவின் தலையில் மட்டும் சுமத்த இயலாது. மறுசாராரோ, தூய திரிப்தோபன் குற்றமற்றது, ஒரு தொழிற்சாலையின் அழுக்கே கொன்றது என்பர். கடைக்காரருக்கு மிக உவப்பானது இவ்விளக்கமே. ஆனால் தூய திரிப்தோபனை எவர் விழுங்குகின்றார்? பாடநூலின் அணுக்கட்டமைப்பை எவரும் நீரோடு விழுங்குவதில்லை. போத்தலில் இருப்பதையே விழுங்குகின்றோம். அதில் இருப்பது யாதென உண்பவர் அறியார், விற்பவரும் அறிந்திலர். அறிந்தாக வேண்டுமென அவரை எவரும் கட்டாயப்படுத்தவும் இல்லை.

இவ்வரலாற்றில் என்னை மிகவும் அச்சுறுத்துவது, தீங்கு கண்டுபிடிக்கப்பட்ட முறையே. அந்நோய் அபூர்வமானது. ஆரோக்கியமானவரின் குருதியில் கன மில்லிமீற்றருக்கு 500க்குக் குறைவாயிருக்கும் கலம் 1,000க்கு மேல் ஏறியமையாலும், தசைநோவு நோயாளரை முடக்கியமையாலுமே மருத்துவர் கண்ணில் அது பட்டது. அக்குளிசை தலைவலியையோ குருதியமுக்கத்தையோ மாரடைப்பையோ சற்றே மிகுவித்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும்? அத்தகைய நோய்கள் எங்கும் நிறைந்தவை. கூடுதலான சாவுகள் அக்கூட்டத்தில் மறைந்துபோயிருக்கும். குளிசை இன்னும் 'தீங்கற்றது' என்ற புகழோடு விற்பனையாகிக்கொண்டிருக்கும்.

இது வெறுங் கற்பனையன்று. மாரடைப்பிலிருந்து மீண்ட 153 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2006 இல் வெளியாயிற்று. குருதிக் கலன்களுக்கு நன்மை செய்யும் என்ற நம்பிக்கையில் ஒரு பகுதியினருக்கு ஆர்ஜினின் எனும் அமினோவமிலம் கொடுக்கப்பட்டது. அதனை உண்டோரில் ஆறு பேர் மாண்டனர். போலிக் குளிசை உண்டோரில் ஒருவரும் மாளவில்லை. ஆய்வு இடைநடுவில் நிறுத்தப்பட்டது. இங்கே அழுக்கின் மேற் பழிபோட எவரும் முன்வரவில்லை. பெரிய நடுநிலை அமினோவமிலங்கள் மூளைக்குள் நுழைய ஒரே வாயிலிற் போட்டியிடுகின்றன. ஒன்றை அள்ளிக் கொட்டினால் மற்றவை வெளியே நிற்கும். பார்க்கின்சன் நோயாளர் உண்ணும் லெவோடோப்பாவும் அவ்வாயிலையே நாடுகின்றது. மனச்சோர்வுக்கான சில மருந்துகளோடு திரிப்தோபன் சேருமாயின் செரோற்றோனின் மிகுந்து உயிருக்கே இடராகலாம். சோற்றில் குறைவான இலைசினைப் பருப்பும், பருப்பில் குறைவான மெதியோனினைச் சோறும் ஈடுசெய்கின்றன. தனியொன்றை கிராம் கணக்கில் எந்த அடுப்பும் சமைத்துத் தருவதில்லை.

மருந்துகளாலும் மக்கள் மடியவில்லையா, அசுப்பிரினால் வயிற்றிற் குருதி கசியவில்லையா எனக் கேட்பர். மெய்யே. ஆயினும் மருந்துக்கு ஒரு கணக்கேடு உண்டு: சந்தைக்கு வருமுன் நிறுவவேண்டிய கடன் உண்டு, நேர்ந்த தீங்கை அறிவிக்கவேண்டிய பொறுப்பு உண்டு. உணவென்ற பெயர் சூட்டப்பட்டதும் அவ்வேடு மூடப்படுகின்றது. திரிப்தோபன் மரணங்களுக்குப் பின் அமெரிக்கச் சட்டமன்றம் அதனைத் திறந்திருக்கும் என எண்ணுவோர் ஏமாறுவர். 1994 இல் அது இயற்றிய சட்டம் அமினோவமிலங்களையும் போசணைக் குறைநிரப்பிகள் என வகுத்தது. விற்குமுன் அங்கீகாரம் வேண்டியதில்லை. தீங்கானது என நிறுவும் சுமை அரசையே சார்ந்தது. அதாவது முதலில் மக்கள் உண்ணவேண்டும், பின்னர் நோயுறவேண்டும், அதன் பின்னரே வழக்கு. பாரதூரமான தீங்குகளை உற்பத்தியாளர் அறிவிக்கவேண்டும் என்ற கட்டாயம் 2006 இறுதியிலேயே சட்டமாயிற்று. குறைநிரப்பிகளின் இனத்தையும் தூய்மையையும் ஆக்குவோர் சோதித்தறிய வேண்டும் என்னும் உற்பத்தி விதிகள் 2007 இல் வெளிவந்தன. நியூ மெக்சிக்கோவின் மூன்று பெண்களும் மருத்துவரை நாடி அப்போது 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.