காதுக்கு ஆகாத வார்த்தைகள்

மனிதனுக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. ஒரு வார்த்தை போதும். அது வசைச் சொல்லாக இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. "சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது" என்று ஒருவர் ஆரம்பித்தால், அவர் மேற்கொண்டு வாய் திறப்பதற்குள் நமக்குக் கோபம் வந்துவிடுகிறது. "நான் அப்போதே சொன்னேன்" என்பது இன்னொன்று. அப்போது சொன்னாரா இல்லையா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

பிறரைக் குறை சொல்லுமுன் நம்முடைய யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா? நாம் திருவொற்றியூரில் ஓர் உபாத்தியாயர். வகுப்பில் வாய் திறந்தால் "அதாவது" என்றுதான் திறக்கிறோமாம். கடைசிப் பெஞ்சுப் பையன்கள் ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் கோடு போட்டு எண்ணியிருக்கிறார்கள். 45 நிமிஷத்தில் 47 "அதாவது"! நோட்டைப் பறிமுதல் செய்து, வீட்டுக்குக் கொண்டுபோய், சகதர்மிணியிடம் முறையிட்டோம். அவள் கோடுகளை நிதானமாகப் பார்த்துவிட்டு, "குறைவாகத்தான் எண்ணியிருக்கிறார்கள்" என்றாள்.

ரயில் ஸ்டேஷன்களில் கேட்கும் ஒரு வாசகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் 1856-ல் நமது ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. இந்தப் பெருமை நமக்கு உண்டு. அந்தக் காலத்தில் வண்டி தாமதமானால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்ச் சண்டையாவது போடலாம். இப்போது ஒலிபெருக்கி, "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்கிறது. வருந்துவதற்கு ஒரு மனம் வேண்டும். இயந்திரத்தில் பதிந்து வைத்த குரல் எப்படி ஐயா வருந்தும்? பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம், ஏற்ற இறக்கம் சற்றும் மாறாமல் வருந்துகிற பிரகிருதியை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

மயிலாப்பூரிலுள்ள நமது நண்பர் ஒருவருக்கோ வட சென்னைப் பேச்சு முழுவதுமே எரிச்சல். "கஸ்மாலம், பேமானி, பேஜார், கலீஜ், துட்டு! இதெல்லாம் தமிழா?" என்று கேட்பார். தமிழ் இல்லைதான். ஆனால் 'கஸ்மாலம்' வேறெங்கிருந்தும் வரவில்லை. நண்பர் தினம் பாராயணம் செய்கிற பகவத் கீதையிலேயே, இரண்டாவது அத்தியாயத்தில், வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ஜுனனைப் பார்த்துக் கிருஷ்ணபகவான் இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார். அழுக்கு, மனச்சோர்வு என்று அதற்குப் பொருள். 'பேமானி' உருது வழியாக வந்தது, ஈமான் இல்லாதவன், அதாவது (இதோ, வந்துவிட்டது!) நாணயம் அற்றவன். 'பேஜார்' பாரசீகத்துச் சரக்கு. 'கலீஜ்' அரபு நாட்டிலிருந்து உருதுவில் ஏறி வந்தது. 'துட்டு'வோ, எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த டச்சுக்காரர்களின் செப்புக் காசு. துறைமுகத்தில் சரக்கோடு சொல்லும் இறங்குவது இயல்பு. நண்பரிடம் இதையெல்லாம் விவரித்தோம். கீதையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் சிறிது பேஜாராகிவிட்டார்.

இவையெல்லாம் சில்லறை எரிச்சல்கள். ஒரு வார்த்தை மட்டும் நம்மை வேறு விதமாகத் தைத்தது.

வகுப்பில் இரண்டு பையன்களுக்குள் தகராறு. ஒருவன் மற்றவனைப் "போடா, புறம்போக்கு!" என்று திட்டிவிட்டான். நாம் பிரம்பைத் தேடுவதற்குப் பதிலாக, கெட்ட வழக்கம், பாடம் நடத்த ஆரம்பித்தோம். "புறம்போக்கு என்றால் என்ன, தெரியுமா?" என்று வகுப்பைக் கேட்டோம். உருப்படாதவன் என்றான் ஒருவன். ஊர் சுற்றி என்றான் இன்னொருவன். திட்டு வாங்கிய பையன், எண்ணூர் மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவன், மெதுவாக எழுந்து, "எங்கள் தெருவே புறம்போக்குதான், சார்!" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

வரி விதிப்புக்குப் புறம்பாக ஒதுக்கி வைத்த நிலத்துக்குத்தான் அந்தப் பெயர். ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, சாலைப் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு என்று ரெவினியூக் கணக்குகளில் இன்றும் எழுதுகிறார்கள். தனி ஒருவருக்குச் சொந்தமில்லை. ஆகையால் ஊர் முழுவதற்கும் வேண்டியது. மாடு மேய்வதும், மழைத் தண்ணீர் தங்குவதும், கடைசியில் நாம் போய்ச் சேருவதும் அங்கேதான். யாருடைய பட்டாவிலும் இல்லை என்பதனால் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம் என்று ஆனபோது, நிலத்தின் பெயர் வசைச் சொல்லாக மாறிவிட்டது. எண்ணூர் முகத்துவாரத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் அந்த இடத்தில் இறாலும் நண்டும் பிடித்து எத்தனையோ குடும்பங்கள் பிழைத்து வந்தன. அனல் மின் நிலையத்துச் சாம்பல் வந்து படிந்து, ஆறு மேடிட்டுப் போயிற்று. 2017 ஜனவரியில் ஸ்ரீ டி. எம். கிருஷ்ணா இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து, கபேர் வாசுகி இயற்றிய பாட்டை, அந்த எண்ணூரிலேயே நின்று கர்நாடக ராகங்களில் பாடினார். சபைகளில் இந்தச் சொல் அதுவரை கேட்டதில்லை. மூக்கைச் சுளித்தவர்களும் உண்டு.

இனி, அந்தப் பையனின் வீட்டில் எந்த வார்த்தை எரிச்சல் ஊட்டுகிறது என்று பார்ப்போம். 2023 டிசம்பர் ஆரம்பத்தில் மிச்சாங் புயல் அடித்தது. மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக முகத்துவாரத்தில் பரவிற்று. படகும் வலையும் கறுத்துப் போயின. அந்த மாதம் 26-ந் தேதி நள்ளிரவில், உரத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கிளம்பிற்று. பெரியகுப்பத்து ஜனங்கள் கண் எரிய, மூச்சு முட்ட, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

இம்மாதிரி சமயங்களில் வழக்கமாக மூன்று வாக்கியங்கள் வரும். முதலாவது, "பொதுமக்கள் பயப்படத் தேவையில்லை." பயம் தேவையைக் கேட்டுக்கொண்டா வருகிறது? இரண்டாவது, "நிலைமை கட்டுக்குள் இருக்கிறது." இதைச் சொல்கிறவர் எந்த ஊரில் இருந்து சொல்கிறார் என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். மூன்றாவது, "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்."

இந்த மூன்றாவது வாக்கியத்தில் இலக்கண உபாத்தியாயருக்குச் சிறிது வேலை இருக்கிறது. 'எடுக்கப்படும்' என்பது செயப்பாட்டு வினை. யாரால் எடுக்கப்படும்? வாக்கியத்தில் இல்லை. எப்போது? அதுவும் இல்லை. 'எண்ணெய் கசிந்தது' என்றால் தன்வினை. எண்ணெய் தானாகவே புத்தி கெட்டுக் கசிந்துவிட்டது போலிருக்கிறது. 'கசிய விட்டார்கள்' என்றால் பிறவினை, உடனே "யார்?" என்ற கேள்வி எழும். இந்த வித்தியாசத்தை வகுப்பில் விளக்கியபோது, வருஷக் கணக்காகப் பையன்களுக்குப் புரியாமலிருந்த தன்வினை பிறவினை அன்று ஒரே நாளில் புரிந்துவிட்டது. எண்ணூர்ப் பையன்கள் மேலும் ஏழெட்டு உதாரணங்களைத் தாங்களே சொன்னார்கள். அவற்றை இங்கே அச்சிடுவது உசிதமாயிராது.

பாட முடிவில், ஐந்து சொற்களைக் கொடுத்து வாக்கியத்தில் அமைத்துக்கொண்டு வரும்படி சொன்னோம். 'புறம்போக்கு' அவற்றில் ஒன்று. திட்டு வாங்கிய பையனின் நோட்டில் இருந்த வாக்கியம்: "எங்கள் தாத்தா நண்டு பிடித்த புரம்போக்கு எங்கே இருந்தது என்று அப்பா எனக்குக் காட்டினார்." வல்லின றகரத்துக்கு இடையின ரகரம் போட்டிருந்தான். அரை மதிப்பெண் குறைத்துக்கொண்டோம்.