வாக்குத் தவறிய சாம்ராஜ்யம்

அன்னியரைத் தன் சேனையில் சேர்த்துக்கொண்டதாலேயே ரோமாபுரி அழிந்தது என்ற அபிப்பிராயம் வெகு காலமாக வழங்கி வருகிறது. குடியேறிகளைப் பற்றிய வாதம் எந்த நாட்டில் எழுந்தாலும், யாரேனும் ஒருவர் அதை எடுத்துக்காட்டாமல் விடுவதில்லை. ஆனால், துணைப்படையில் 25 ஆண்டுகள் ஊழியம் செய்த அன்னியனுக்குப் பிரஜாவுரிமை அளித்து, அதை வெண்கலத் தகட்டில் பொறித்துக் கையிற் கொடுத்த ராஜ்யமும் அந்த ரோமாபுரியேதான். அந்தத் தகடுகள் செல்லுபடியான காலமெல்லாம் அது செழித்தே இருந்தது.

கேடு விளைந்தது வேறு வழியில். கி.பி. 376இல், ஹூணர்களுக்கு அஞ்சி டான்யூப் நதிக்கரையில் வந்து நின்ற காத் இனத்தார் அடைக்கலம் வேண்டியபோது, படைக்கு ஆள் கிடைக்கிறதென்று மகிழ்ந்து வேலன்ஸ் சக்கரவர்த்தி அனுமதி அளித்தார். வந்தவர்களுக்கு உணவளிக்க வேண்டிய அதிகாரிகளோ, நாய்களைப் பிடித்து வந்து, ஒரு நாய்க்கு ஓர் ஆள் என்ற கணக்கில் பட்டினி கிடந்தவர்களை அடிமைகளாக வாங்கினார்கள் என்று, அக்காலத்தவரும் ரோமப் படையில் அதிகாரியாக இருந்தவருமான அம்மியானுஸ் எழுதுகிறார். இரண்டே ஆண்டுகளில், கிளர்ந்தெழுந்த காத்தியரை எதிர்த்து ஏட்ரியநோப்பிள் போர்க்களத்தில் சக்கரவர்த்தி மடிந்தார். அவருடைய சேனையில் மூன்றில் இரு பங்கு அழிந்தது.

382இல் தியோடோசியஸ் சக்கரவர்த்தி காலத்தில் ஏற்பட்ட உடன்படிக்கை காத்தியருக்கு நிலம் தந்தது. பதிலுக்குப் படைவீரர்களைக் கேட்டது. ஒரு முழு ஜனத்தொகையைத் தன் தலைவர்களின் கீழேயே ராஜ்யத்துக்குள் இருத்துவது அபாயமான ஏற்பாடு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவர்கள் போரிடாமல் இருந்துவிடவில்லை. 394இல் பிரிஜிடஸ் நதிக்கரையில், சக்கரவர்த்திக்காக முன்வரிசையில் நின்ற காத்தியரில் பதினாயிரம் பேர் மாண்டபோது, அவர்களை இழந்ததே ஆதாயம் என்று எழுதினார் ஒரோசியஸ் என்னும் கிறிஸ்தவ சரித்திராசிரியர். நேச வீரனின் சாவை லாபக் கணக்கில் எழுதும் மனப்பான்மை பரவிய இடத்தில், உடன்படிக்கைக்கு என்ன மதிப்பு இருந்திருக்கக்கூடும்?

408இல், வாண்டல் தந்தைக்குப் பிறந்து ரோமாபுரிக்காகவே உழைத்த தளபதி ஸ்டிலிக்கோ கொலையுண்டார். இத்தாலிய நகரங்களில் தங்கியிருந்த அன்னிய வீரர்களின் மனைவி மக்களை ரோமப் படையினரே வெட்டிச் சாய்த்தார்கள். அந்த அன்னிய வீரர்கள் கூட்டங்கூட்டமாக காத்தியர் தலைவன் அலாரிக்கிடம் போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை. அவன் ரோமாபுரியை முற்றுகையிட்டு வாங்கிய மீட்புப் பொருளில், பொன் வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. ஆனால் அடுத்த ஆண்டில் அவன் தன் கோரிக்கையைப் பெரிதும் குறைத்துக்கொண்டு, பொன் வேண்டாம், நோரிக்கத்தில் நிலமும் ஆண்டுதோறும் தானியமும் போதும், நண்பனாக இருந்து போரிடுகிறேன் என்று பிஷப்புகள் மூலம் சொல்லியனுப்பினான். ராவென்னாவின் சதுப்பு நிலங்களுக்குள் பத்திரமாக இருந்த ஹொனோரியஸ் சக்கரவர்த்தி இணங்கவில்லை. 410 ஆகஸ்டில் ரோமாபுரி மூன்று நாள் சூறையாடப்பட்டது.

எட்டு ஆண்டுகளுக்குப் பின், அதே காத்தியருக்கு அக்விட்டேனியாவில் நிலம் கொடுக்க நேர்ந்தது. இடையிடையே பூசல்கள் மூண்டபோதிலும், 451இல் ஹூணர் அரசன் அட்டிலாவை எதிர்த்து ரோமத் தளபதி ஏட்டியஸ் படை திரட்டியபோது, அவருக்குப் பக்கபலமாக வந்து களத்தில் உயிர் நீத்தவர் அக்காத்தியரின் அரசராகிய தியோடொரிக்கே.