அம்புக்குறி எந்தப் பக்கம்?

எங்கள் தெரு முனையில் ஒரு பலகை இருக்கிறது. 'ஏக் திஷா மார்க்' என்று மராத்தியில் எழுதி, கீழே அம்புக்குறி போட்டது. பாதியை ஏதோ ஒரு சுவரொட்டி மறைத்திருக்கும். பல வருடங்களாக அதை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பலகையைப் பற்றிப் பேசுவதற்காக எங்கள் கட்டடத்துக் காம்பவுண்டில் நாற்பது பேர் கூடினோம்.

மாட்டுங்காவில் கூட்டம் கூடுவது அதிசயமில்லை. ஆனால் கோவில் கும்பாபிஷேகத்துக்கும் தண்ணீர்த் தொட்டி ரிப்பேருக்கும் கூடுகிறவர்கள் இந்தத் தடவை இரண்டு கட்சியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். தெருவைப் பழையபடி இருவழிப் பாதையாக்கச் சொல்லிப் போக்குவரத்துப் போலீஸுக்கு மனு கொடுக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. கூடவே கூடாது என்பது இன்னொன்று. நான் முதல் கட்சி. கையெழுத்துப் போடப் பேனாவோடுதான் போயிருந்தேன்.

இரண்டாவது மாடி மாமா முதலில் பேசினார். வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். மும்பையின் இந்தப் பகுதிக்குள் ஆட்டோ வரக்கூடாது. சயானுக்கு அந்தப் பக்கம்தான். எங்களுக்கு டாக்ஸிதான் கதி. 2025 பிப்ரவரியிலிருந்து டாக்ஸியின் குறைந்தபட்சக் கட்டணம் 31 ரூபாய், அதுவும் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு. "என் வீடு எதிர்லயே தெரியறது. ஆனா டாக்ஸி திருவாரூர்த் தேர் மாதிரி நாலு வீதியும் சுத்திண்டு வரது. மீட்டர் ஓடறது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வேறொன்று தோன்றியது. தேர் எப்போதும் வலமாகத்தான் வரும். எதிர்த்திசையில் அதை இழுத்தவர் யாருமில்லை. ஒருவழிப் பாதை நமக்கு ஒன்றும் புதிதல்ல.

தரைத்தளத்து மாமி எழுந்தார். "இருவழியா இருந்தப்போ என் ஜன்னலுக்குக் கீழ தெனம் சாயங்காலம் ரெண்டு கார் மூக்கோட மூக்கு முட்டிண்டு நிக்கும். ரெண்டு பேருமே பின்னாடி போக மாட்டா. ஒரு நா ஆம்புலன்ஸ் பின்னாடி கத்திண்டே நின்னுது. அப்பவும் போகலை. இதெல்லாம் மறந்து போச்சா உங்களுக்கு?" சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ஆம்புலன்ஸ் எந்த வீட்டுக்கு வந்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மளிகைக் கடை நடத்தும் கச்சி பாய், இந்தியும் தமிழும் கலந்து தன் கட்சியைச் சொன்னார். ஒருவழியான பிறகு வண்டிகள் வேகமாகப் போகின்றன, நின்று சாமான் வாங்குவாரில்லை என்பது அவர் குறை. கல்லூரிப் பையன் ஒருவன், தெருவில் வேகம் கூடியதற்குக் கைபேசி வரைபடமே காரணம் என்றான். பெரிய சாலையில் நெரிசல் என்றால் அது வண்டிகளை எங்கள் தெரு வழியாகத் திருப்பி விடுகிறதாம். மூன்று மணி நேரம், இரண்டு சுற்று காபி. முடிவு வரவில்லை. செகரட்டரி கூட்டத்தை ஒத்திப்போட்டார். என் பேனாவும் சட்டைப்பைக்குத் திரும்பியது.

இந்தத் தெருக்களைப் போட்டவர்கள் இப்படி ஒரு சண்டை வரும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். 1896-ல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெரிசல்தான் காரணம் என்று அரசு நினைத்தது. 1898-ல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் உருவாயிற்று. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் திட்டமிட்டுத் தெருக்களும் தோட்டங்களும் வந்தது அதன் வேலையால்தான். இரண்டு மூன்று மாடிக் கட்டடங்கள், மரங்கள், நடைபாதை. வேலை தேடி வந்த தென்னிந்தியர்கள் இங்கே குடியேறினார்கள். 1923-ல் ஆஸ்திக சமாஜம், 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் என்று ஊர் வளர்ந்தது. காரை நிறுத்த இடம் விட்டுக் கட்டிய வீடு அபூர்வம். அன்று கார் வைத்திருந்தவரே அபூர்வம். இன்று மும்பையில் பதிவான வண்டிகள் 40 லட்சத்தைத் தாண்டிவிட்டன. சாலைகளின் மொத்த நீளமோ சுமார் 2,000 கிலோமீட்டர்தான்.

ஒருவழியா இருவழியா என்ற வழக்கு மாட்டுங்காவோடு முடிவதில்லை. லண்டனில் புட்டிங் சந்து முதலிய குறுகலான சந்துகளில் கட்டை வண்டிகள் எந்தப் பக்கமாகப் போகவேண்டும் என்று 1617-லேயே விதி செய்தார்கள். நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூ, கடைக்காரர்களின் நீண்ட எதிர்ப்பை மீறி, 1966 ஜனவரியில் ஒருவழியானது. பொறியாளர்கள் ஒருவழியை விரும்பக் காரணம் உண்டு. இருவழிச் சாலைகள் இரண்டு குறுக்கிடும் நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் உரசும் புள்ளிகள் 32 என்று பாடப் புத்தகம் கணக்குச் சொல்கிறது. இரண்டு சாலைகளும் ஒருவழி என்றால் அவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எதிர்ச்சாட்சியும் இருக்கிறது. அமெரிக்காவின் லூயிவில் நகரில் 2011-ல் இரண்டு ஒருவழித் தெருக்களை இருவழியாக்கினார்கள். ஜான் கில்டர்ப்ளூம், வில்லியம் ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அவற்றை ஆராய்ந்தார்கள். விபத்துகள் ஒரு தெருவில் 36 சதவீதமும் மற்றதில் 60 சதவீதமும் குறைந்திருந்தன. அங்கே வண்டிகளின் எண்ணிக்கை கூடியும்கூட இந்தப் பலன். எதிரே வண்டி வரும் என்ற பயம் ஓட்டுநரின் வேகத்தைக் குறைக்கிறது என்பது அதில் உள்ள பாடம். ஆனால் அவை பல வண்டிகள் பக்கம் பக்கமாகப் போகக்கூடிய அகலமான தெருக்கள். அந்த மருந்து மாட்டுங்காவுக்குச் சரிப்படுமா?

மும்பைக்கு இந்தக் கேள்வியை அடிக்கடி எழுப்பித் தருவது அதன் பழைய பாலங்கள். 1912-ல் கட்டிய சயான் மேம்பாலத்தை இடிப்பதற்காக 2024 ஆகஸ்ட் 1-ந் தேதி மூடினார்கள். தாராவிக்கும் அம்பேத்கர் சாலைக்கும் இடையே ஓடிய வண்டிகள் வேறு தெருக்களைத் தேடின. அடுத்தது எல்ஃபின்ஸ்டன் பாலம். 2025 ஏப்ரலில் அதை மூடுவதற்கு முன்பு போக்குவரத்துப் போலீஸ் பொதுமக்களிடம் யோசனைகளையும் ஆட்சேபங்களையும் கேட்டது. பாலத்தை ஒட்டிக் குடியிருப்போர் எதிர்த்தார்கள்; மூடுவது தள்ளிப்போய், கடைசியில் செப்டம்பர் 12-ல் மூடப்பட்டது. அப்போது கர்ரி ரோடு ரயில்வே பாலத்துக்கு வந்த உத்தரவு விசித்திரமானது. காலை 7 முதல் மாலை 3 வரை ஒரு திசை. 3 முதல் இரவு 11 வரை எதிர்த்திசை. இரவு 11 முதல் காலை 7 வரை இரண்டு திசையும். காலையில் போன வழியில் மாலையில் திரும்பலாம். நடுப்பகலில் மறந்து போய்த் திரும்பினால் ஹவல்தாரிடம் பதில் சொல்ல வேண்டும்.

இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? 1988-ம் வருடத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 115, 116-ம் பிரிவுகளிலிருந்து. பொதுமக்களின் பாதுகாப்பு, வசதி, சாலையின் தன்மை இவற்றை முன்னிட்டு வண்டிகளைக் கட்டுப்படுத்தலாம். அதை அரசிதழில் அறிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத ஏற்பாடு என்றால் அரசிதழும் வேண்டியதில்லை. உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். தெருக்காரர்களின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தெரு ஊருக்குப் பொது என்பதால் அது நியாயமும்கூட.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தச்சரிடம் ஒரு டேப்பை இரவல் வாங்கித் தெருவை அளந்தேன். நடைபாதைக்கு நடைபாதை 22 அடி. இரண்டு பக்கமும் ஓரமாகக் கார்கள். ஒரு காருக்கு ஆறடி என்று வைத்தாலும் 12 அடி போயிற்று. மீதி பத்து. ஒரு காரும் ஒரு ஸ்கூட்டரும் உரசாமல் போகலாம். இரண்டு கார்கள் முடியாது. இருவழி என்று பலகை வைத்தால் மாமியின் ஜன்னலுக்குக் கீழே மறுபடியும் மூக்கு முட்டும். ஒருவழி என்றே விட்டால் மாமாவின் டாக்ஸி மறுபடியும் சுற்றும். மூன்று மணி நேரம் அம்புக்குறியைப் பற்றிப் பேசிய நாங்கள், அந்தப் பன்னிரண்டடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததற்குக் காரணம் இருந்தது. டேப்பின் ஒரு முனையை நான் அழுத்திப் பிடித்திருந்தது என் சொந்தக் காரின் சக்கரத்தின் பக்கத்தில்.

கேட்டுக்கு வெளியே பூ விற்கும் அம்மா நான் அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக அதே இடம். வீடு மாட்டுங்கா லேபர் கேம்பில். பெயரில்தான் மாட்டுங்கா, இருப்பது தாராவியில். தண்டவாளத்தைத் தாண்டிக் கூடையோடு நடந்து வருகிறவர். கூட்டம் நடந்த அன்றும் அங்கேதான் இருந்தார். உள்ளே கூப்பிடவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஒருவழின்னு போர்டு வச்சப்ப சந்தோசமா இருந்துச்சுய்யா. ஒரு பக்கம் பாத்தா போதும்னு நெனச்சேன். ரெண்டாம் நாளே ஒரு பைக்குக்காரன் எதுத்தாப்புல வந்து கூடையைத் தட்டிட்டான். பூவெல்லாம் ரோட்டுல. நடைபாதையில ஏறுவோம்னா அங்க ஸ்கூட்டர நிப்பாட்டி வச்சிருக்காவ. உங்களுக்கு ஒரு வழி, ரெண்டு வழி. எனக்கு எப்பவும் நாலு பக்கமும் பாத்துத்தான் நடக்கணும்" என்றார்.

எதிர்த்திசையில் ஓட்டுவதை 2019-ம் வருடத்திய திருத்தம் அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்துவிட்டது. முதல் குற்றத்துக்கே ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் கடுமையானது, முனையில் ஹவல்தார் நிற்கும்வரை. செம்பூருக்குக் குடிபோய்விட்ட நண்பர், தங்கள் தெருவில் ஆட்டோக்காரர்களுக்கு அம்புக்குறி ஓர் அலங்காரம்தான் என்கிறார். தாராவியின் 90 அடி ரோட்டில் நடந்து பாருங்கள். பெயரில் உள்ள தொண்ணூறடி கண்ணில் படாது. டெம்போ, கைவண்டி, கடை, நிறுத்திய வண்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் போக மீதியில் ஊர் நகர்கிறது. அங்கேயும் இங்கேயும் வியாதி ஒன்றே. நிற்கும் வண்டி எடுத்துக்கொண்டது போக மீதி ஓடும் வண்டிக்கு. அதிலும் மீதி இருந்தால் நடப்பவருக்கு.

எனவே நான் வேறொரு மனு எழுதினேன். மூன்றே வரிகள். ஒற்றைப்படைத் தேதியில் தெருவின் ஒரு பக்கம், இரட்டைப்படைத் தேதியில் மறுபக்கம் என்று வண்டி நிறுத்த அனுமதியுங்கள். பல ஊர்களில் இருக்கும் ஏற்பாடுதான். ஆறடி மிச்சமாகும்; அதற்குப் பிறகு சட்டம் இடம் தரும் அந்த ஒரு மாதத்துக்கு இருவழியைச் சோதித்துப் பாருங்கள். மாத முடிவில் தெருவில் குடியிருப்பவர்களை மட்டுமன்றி, நடப்பவர்களையும் விற்பவர்களையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் கேட்டு முடிவு செய்யுங்கள். சோதனை தோற்றால் பழைய பலகையையே துடைத்து வையுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை.

அடுத்த கூட்டத்தில் மனுவை வாசித்தேன். முதல் வரியிலேயே கேள்வி வந்தது: "அப்போ பாதிக் காரை எங்கே ஓய் நிறுத்தறது?" நியாயமான கேள்வி. என் காருக்கும் பதில் தெரியாது. வாடகைக்கு இடம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் விற்கவேண்டும். மனைவியோடு அதுபற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது. மாமா கையெழுத்துப் போட்டார். எதிர்க்கட்சி மாமியும் போட்டார். மொத்தம் ஒன்பது. கார் வைத்திருப்பவர்களில் என்னைச் சேர்த்து இரண்டு பேர்.

காகிதத்தோடு வெளியே வந்து பூக்கார அம்மாவிடம் நீட்டினேன். "நான் இந்தத் தெருவுல குடியில்லையேய்யா, என் கையெழுத்து செல்லுமா?" என்று கேட்டார். முப்பது வருடமாக இந்தத் தெருவில் தினம் நடக்கிற ஒருவர் கேட்கிற கேள்வி அது. செல்லும் என்று சொன்னேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தமிழில் நிதானமாகப் பெயரை எழுதினார். மனு இந்த வாரம் போலீஸ் சௌக்கிக்குப் போகிறது.