ஊட்டி ஏரிக்கு நான்கு எண்கள் வேண்டும்

ஊட்டி ஏரியைத் தூர்வார வேண்டும் என்ற பேச்சு ஓய்வதே இல்லை. ஆகாயத்தாமரையை அள்ளுகிறார்கள், சேற்றை வாருகிறார்கள். ஆனால், வேலை முடிந்த பின் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் எண்ணில் சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். ‘ஏரி சுத்தமாக வேண்டும்’ என்பது ஆசை. அளவும் கெடுவும் சேர்ந்தால்தான் அது இலக்கு.

1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் முயற்சியில் உருவான செயற்கை ஏரி இது. அதன் பழைய பரப்பில் ஒரு பகுதி பின்னாளில் பேருந்து நிலையமாகவும் குதிரைப் பந்தய மைதானமாகவும் ஆனது. மிஞ்சியதில் படகுகள் ஓடுகின்றன. நகரின் கழிவுநீரைச் சுமந்துவரும் கோடப்பமந்து கால்வாய் கலப்பதும் இதே ஏரியில்தான்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை, பயன்பாட்டை வைத்து ஏ முதல் இ வரை ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. குளிப்பதற்கு ‘பி’, மீன்களுக்கும் வனவிலங்குகளுக்கும் ‘டி’. படகு சவாரிக்கென்று தனி வகுப்பு இல்லை. ஏரியைப் பச்சையாக்கும் பாஸ்பரசுக்கோ ஐந்தில் எதிலுமே வரம்பு இல்லை. ஆகவே நமக்கான இலக்கை நாமேதான் வகுக்க வேண்டும்.

பாஸ்பரசை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 1973இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு சிறிய ஏரியை நடுவில் திரையிட்டு இரண்டாகப் பிரித்தார்கள். கார்பனும் நைட்ரஜனும் இரு பக்கமும் இட்டார்கள். பாஸ்பரசை ஒரு பக்கம் மட்டுமே சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பாசி படர்ந்து பச்சையானது. மலக்கழிவிலும் சோப்புத்தூளிலும் தோட்டத்து உரத்திலும் இருப்பது அதே பாஸ்பரஸ்தான். அது அடிச்சேற்றில் தங்கி, அடியில் ஆக்சிஜன் தீரும்போது மறுபடி நீரில் கரைகிறது. கால்வாயை அடைக்காமல் சேற்றை மட்டும் வாரினால், சில ஆண்டுகளில் புதுச்சேறு அதே வேலையைச் செய்யும்.

ஊட்டி ஏரியில் யாரும் குளிப்பதில்லை. குடிநீர்த் தரம் கேட்பதும் வீண். படகில் போகும் குழந்தை தண்ணீரில் கைவிட்டால் நோய் வரக்கூடாது, மீன் சாகக்கூடாது, நாற்றம் அடிக்கக்கூடாது. இதற்கு, ஐந்தாண்டில் எட்டும்படி நான்கு எண்களை முன்வைக்கிறேன். கோடையில் நீரின் தெளிவு ஒரு மீட்டர். மொத்த பாஸ்பரஸ் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குள். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல். மலக்கிருமிகள் 100 மில்லிலிட்டரில் 2,500க்குள். குளிக்கும் நீருக்கு வாரியம் அனுமதிக்கும் உச்சவரம்பு அது.

அளக்கும் நேரமும் முக்கியம். பகலில் பாசியே ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதுவே ஆக்சிஜனை உண்ணும். நண்பகலில் எடுத்த மாதிரி நல்ல பெயர் வாங்கித் தரும். மீன் மூச்சுத் திணறுவது விடியலுக்கு முன்பு. ஆகவே ஆக்சிஜனை விடியற்காலையில் அளக்க வேண்டும். தெளிவை அளக்கப் பள்ளிப் பிள்ளைகளே போதும்: கறுப்பு வெள்ளையாகக் கால் கால் பங்கு வண்ணம் பூசிய 20 சென்டிமீட்டர் வட்டத் தகடு, அளவு குறித்த கயிறு. தகடு கண்ணுக்கு மறையும் ஆழமே தெளிவு. இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி 1865இல் கடலில் சோதித்த முறை, இன்றும் உலகமெங்கும் ஏரிகளில் புழங்குகிறது.

‘சீசனுக்கு வரும் கூட்டத்தில் இதெல்லாம் நடக்குமா?’ என்று கேட்பார்கள். கூட்டம் வருவதால்தான் கேட்கிறேன். படகுக் கட்டணமாக வசூலாகும் பணத்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கட்டும். கால்வாயோரத்து விடுதிகளும் வீடுகளும் பாதாளச் சாக்கடையில் இணைந்த பிறகே அடுத்த தூர்வாரலுக்கு டெண்டர் விடட்டும். நான்கு எண்களையும், இலக்கையும், அளந்த தேதியையும் மாதந்தோறும் டிக்கெட் கவுன்டரில் எழுதி வைக்கட்டும். பணம் கட்டிப் படகேறுபவருக்கு, தான் எந்தத் தண்ணீர் மேல் போகிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.