பட்டாசுக்கு வாளித் தண்ணீர், வாணலிக்கு?

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறார்கள். பருத்தி ஆடை உடுத்துங்கள், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள், குழந்தைகளைத் தனியாக விடாதீர்கள். ஆஸ்பத்திரிகளில் தீக்காயத்துக்குத் தனி வார்டு தயாராகிறது. வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பண்டிகைக்கு முந்தின ராத்திரி, பாலியஸ்டர் நைட்டியும் தூக்கக் கண்ணுமாக, காய்கிற எண்ணெய்க்கு முன்னால் நிற்கிறாளே ஒருத்தி, அவளுக்கு யார் என்ன சொன்னார்கள்?

"அடுப்படின்னா சுடத்தான் செய்யும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு ஆத்திரமாக வருகிறது. என் சித்தியின் வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பொட்டுப் பொட்டாகத் தழும்பு. கேட்டால், "இது போன கோகுலாஷ்டமி, சீடை வெடிச்சது. இது அதுக்கு முந்தின வருஷம்" என்று சாதாரணமாகக் காட்டுகிறாள். சீடை வெடிப்பது தலைவிதியா என்ன? உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி, இறுகிப்போன மேல்பக்கத்தை உடைத்துக்கொண்டு கிளம்புகிறது. மாவை நன்றாகச் சலித்து, அழுத்தாமல் உருட்டி, துணியில் பரப்பி உலரவிட்டு, ஊசியால் குத்திப் போட்டால் பெரும்பாலும் வெடிக்காது. அதற்குக் கூடுதலாக அரைமணி நேரம் வேண்டும். அந்த அரைமணி நேரத்தைத்தான் வீட்டில் யாரும் அவளுக்குக் கொடுப்பதில்லை.

முறுக்கு வேகும்போது எண்ணெய் 180 டிகிரி வாக்கில் இருக்கும். காலிங் பெல் அடித்தது, போன் வந்தது என்று அடுப்பை அணைக்காமல் நகர்ந்தால் சூடு ஏறிக்கொண்டே போகும். முதலில் புகை. 350 டிகிரியையும் தாண்டினால் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும். அந்தப் பதற்றத்தில் கை எதைத் தேடும்? வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்த வாளித் தண்ணீரைத்தான்! வாசலில் உயிரைக் காப்பாற்றுகிற அதே தண்ணீர் அடுப்படியில் ஆளையே கொன்றுவிடும். எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, 1,600 மடங்குக்கு மேல் விரிந்து, எரிகிற எண்ணெயை நாலாபக்கமும் வாரியடிக்கும். அடுப்பை அணைக்க வேண்டும், பெரிய தட்டால் வாணலியை மூட வேண்டும், ஆறும்வரை திறக்கக் கூடாது, தூக்கிக்கொண்டு வெளியே ஓடக் கூடாது. பட்டாசு நோட்டீஸிலேயே இந்த நாலையும் சேர்த்து அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

இதோடு போகிறதா? பலகாரத்துக்கென்று இன்னொரு அடுப்பைத் தரையில் இறக்கி வைப்பார்கள். சுற்றிலும் பிள்ளைகள் ஓடும். வாணலியை இறக்கத் துணி தேடாமல் முந்தானையை மடித்துப் பிடிப்பார்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கும். வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்ய வேண்டும். ரப்பர் டியூபை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பண்டிகைக்கு டி.வி. மாற்றுகிறவர்கள் டியூபைக் குனிந்து பார்த்ததுண்டா?

சுட்ட பிறகு நடப்பது அதைவிடக் கொடுமை. ஒருவர் இங்க் ஊற்றச் சொல்வார், ஒருவர் பற்பசை, ஒருவர் இட்லி மாவு. ஐயா, ஒன்றும் தடவாதீர்கள்! வீங்குவதற்குள் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டினால் போதும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். காயம் பெரிதென்றால் 108.

இத்தனைக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றுதான். நாலு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருத்தி தலையில் கட்டிவிட்டு, அவள் அசந்தால் "ஜாக்கிரதையா இருக்க வேண்டாமா?" என்று அவளையே கேட்கிறோம். பலகாரம் வேண்டுமென்றால் பகலிலேயே அடுப்பை மூட்டுங்கள். ஒருவர் பிழிந்தால் இன்னொருவர் எடுங்கள், மூன்றாமவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆள் இல்லையென்றால் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் கையைச் சுட்டுக்கொண்டுதான் நம் வீட்டுப் பண்டிகை நடக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.