வைரம் பாய்ந்ததா?

தேக்குக் கதவு என்றால் மட்டும் போதாது, வைரம் பாய்ந்ததா என்றும் கேட்க வேண்டும். மரத்தின் நடுவே இறுகி நிறம் ஏறிய பகுதிதான் வைரம். பழைய பெயர் காழ். உள்ளே காழ் இருப்பது மரம், வெளியே இருப்பது புல் என்று தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனை புல்தான். அதனால்தான் பனையைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, கறுத்த வெளிப்புறத்தைக் கூரைக்குக் கைமரமாக ஏற்றினார்கள். வைரமில்லாத மரம் வெளிறு. வள்ளுவர் அறியாமைக்கும் இதே சொல்லை ஆள்கிறார். இன்றோ வெளிறின்மேல் சாயம் பூசி, வைரத்தின் விலைக்கே தலையில் கட்டிவிடுகிறார்கள். பூச்சி முதலில் அரிப்பதும் அதைத்தான். பாலிஷ் ஏறும் முன்பே பலகையைப் பாருங்கள்; ஓரத்தில் வெளுத்த பட்டை ஓடினால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.